சாம்பல் வராத திருப்பம்

முனிரத்தினம் தோள்வாரை இழுத்து இறுக்கியபோது மாசிலாமணிக்கு மறுபடியும் அந்த ரயில் நிலையம் வந்தது. ஈர நடைமேடை, சிமெண்ட் பெஞ்சு, கையில் பேப்பர் கப்பில் டீ, அவ்வளவுதான், ஆட்கள் கிடையாது. ஒரு மாதமாக இதே கதை. முகம் மழிக்கும்போது, மெஸ்ஸில் தட்டை நகர்த்தி வைக்கும்போது, யாரோ எதையோ விளக்கிக்கொண்டிருக்கும்போது நடுவில் வந்து நிற்கும், போய்விடும். எந்த ஊர் என்றுதான் பிடிபடவில்லை. மஞ்சள் பலகை இருக்கிறது, அதில் கறுப்பு எழுத்தும் இருக்கிறது, வாசிக்கப் போனால் கண் வழுக்குகிறது. மாற்றலிலேயே வயசைத் தொலைத்தவனுக்கு நடைமேடைக்கா பஞ்சம், வடக்கே இருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுப் பார்த்தான், எதுவும் பொருந்தவில்லை. டீயின் நிறம் நம் பக்கத்து டீ. போன வாரம் போனில் மனைவி சுகந்தியிடம் கேட்டும் விட்டான், நாம எப்பவாவது மணியாச்சில விடியக்காலம் மழையில நின்னமா என்று. "மணியாச்சில எதுக்கு நிக்கணும், நமக்குத்தான் திருநெல்வேலிக்கு நேரே வண்டி இருக்கே" என்றாள் அவள். பிறகு குரலை இறக்கி, "என்ன ஒரு மாதிரி பேசுதிய, ராத்திரி தூங்குனியளா இல்லியா?" தூங்கினேன் என்றான். போனை வைத்தான். "மூச்சு விட்டுப் பாருங்க சார், இறுக்கமா இருக்கா?" முனிரத்தினம் கிருஷ்ணகிரிக்காரன், இந்தக் கூண்டுக்குள் விமானிகளைக் கட்டிப்போடுவதே அவன் வேலை. "இருக்கட்டும்" என்றான் மாசிலாமணி. "டிபன் என்ன சார்?" "ரெண்டு இட்லி." "சந்தோஷம். போன வாரம் ஒரு புது ஆபீசர் பூரி மசாலா தின்னுட்டு வந்துட்டாரு. தின்னது அவரு, கழுவுனது நானு." சிரித்தபடியே ஹெல்மெட்டில் தட்டிவிட்டுக் கதவைச் சாத்தினான்.

கதவு மூடியதும் காதுக்குள் தன் மூச்சு மட்டும். வெளியே வட்டமான ஒரு பெரிய கூடம், நடுவில் தூண், தூணிலிருந்து நீண்டுபோகிற இரும்புக் கை, கையின் நுனியில் இந்தக் கூண்டு. சுழல ஆரம்பித்தால் போர் விமானம் திருப்பத்தில் தரும் கனம் அத்தனையையும் தரையிலேயே தந்துவிடும். பொருட்காட்சி ராட்டினத்துக்குப் பெரியண்ணன் என்று மகள் ஜெர்லினிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறான். அப்போது அவள் சின்னப்பிள்ளை, ஜி-ன்னா என்னப்பா என்று கேட்டாள். லிஃப்ட் மேலே கிளம்பும்போது காலெல்லாம் கனக்குமே, அது கொஞ்சூண்டு ஜி. சும்மா நிற்கிற எல்லோருக்கும் ஒரு ஜி. விமானத்தை அத்தனை வேகத்தில் சட்டென்று வளைத்தால் அது ஐந்தாகும், ஏழாகும், ஒன்பதாகும், ஒன்பதில் அப்பாவோட தலை ஒரு சிமெண்ட் மூட்டை, கன்னம் தாடைக்குக் கீழே வழியும், ரத்தமெல்லாம் கனத்துப்போய்க் காலுக்கு இறங்கிவிடும், இதயம் என்ன உதைத்தாலும் மேலே ஏறாது. "அப்போ தலையில ஒண்ணுமே இருக்காதாப்பா?" "ஒண்ணுமே இருக்காது." "இப்ப மட்டும்?" என்று அடுக்களையிலிருந்து சுகந்தி. மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்தார்களா, அவனும் சிரித்தானா. அந்த வீட்டில் ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தது என்பதுகூட நினைவில்லை, குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒன்றுபோல. ஆனால் முன்கை நினைவிருக்கிறது. விமானத்தைக் கடுமையாகத் திருப்பிவிட்டு இறங்கிய நாட்களில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் வெடித்து முன்கையெல்லாம் சிவப்புப் புள்ளிகளாக இருக்கும், அதை வேர்க்குரு என்று நினைத்துக்கொண்டு ஜெர்லின் பவுடர் டப்பாவைத் தூக்கிவந்து கொட்டித் தேய்ப்பாள். இப்போது அவளுக்குக் கல்லூரி போகிற வயசு. போனில் பேசினால், சாப்ட்டியளாப்பா. ம். வைக்கட்டுமா. ம். போன லீவில் எடுத்த படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தவள், "போட்டோல கூட நீங்க சிரிக்கவே மாட்டேங்கியளேப்பா" என்றாள், குறையாகச் சொல்லவில்லை, மழை வரும்போல இருக்கு என்பதுபோலச் சொன்னாள். அதுதான் உள்ளே எங்கோ போய்ச் செருகிக்கொண்டது.

"குட்மார்னிங் சார்." காதுக்குள் டாக்டர் வைதேகி. விமானப்படை மருத்துவர், அவனைவிடப் பதவியில் ஒரு படி கீழே, இன்றைக்கு மட்டும் அவனுக்கு மேலே. பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ். "ஃபர்ஸ்ட் மெதுவா ஏத்துறேன். அப்புறம் கொஞ்சம் ரெஸ்ட். அப்புறம் ஃபாஸ்ட், நேரா ஒன்பது. நடு லைட்டையே பாருங்க, ஓரத்து லைட்டுங்க மறைஞ்சா சொல்லுங்க. ஓகேவா சார்?" "ஓகே." கழுத்து எலும்பில் இரண்டு இடத்தில் தேய்மானம், நாற்பத்தைந்து வயது, அதனால் இந்தப் பரிசோதனை. இரண்டு சுற்றும் தாண்டினால் மறுபடி விமானம். தாண்டாவிட்டால் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, தலைக்குமேல் மின்விசிறி, மாலை ஐந்து மணிக்குப் போகிற இடம் எதுவுமில்லாத ஓர் ஆள். வீட்டுக்குப் போகலாம்தான். "உங்களுக்கு வீடுன்னா லீவுல தங்குற லாட்ஜு" என்று சுகந்தி சொன்னது கோபத்தில் சொன்னதுதான், ஆனால் கோபத்தில் சொன்னதைத்தான் அவன் பத்திரமாக வைத்துக்கொள்கிறான், லாட்ஜில் தங்கினவன் நிரந்தரமாக வந்தால் எங்கே படுப்பான். இரும்புக் கை நகர்ந்தது. நகர்வதே தெரியவில்லை, கனம்தான் தெரிந்தது. மடியில் யாரோ வந்து உட்கார்ந்ததுபோல, பிறகு அவர் மடியில் இன்னொருவர். ஜி-சூட் உடுப்பு காற்றால் உப்பி, ரத்தம் கீழே இறங்காதபடி தொடையையும் வயிற்றையும் பிடித்தது. கால்களை இறுக்கினான், வயிற்றை இறுக்கினான், நெஞ்சில் மூச்சை அடைத்து, விட்டு, அடைத்தான், கக்கூஸில் முக்குகிற மாதிரி முக்குங்கடா என்று புதுப் பையன்களுக்கு அவனே சொல்லிக்கொடுத்திருக்கிறான். அப்போது அது வந்தது. முதலில் நிறம் போனது, பச்சை விளக்கு வெளுத்தது. பிறகு பார்வையின் ஓரங்களில் சாம்பல், அடுப்பு அணைந்தபின் காற்றில் மெல்ல எழுகிற சாம்பல். வா என்றான் மனசுக்குள். இருபது வருஷத்துப் பழக்கம். பழைய விமானங்களில் கனம் படிப்படியாக ஏறும், சாம்பலும் ஓரத்திலிருந்து படிப்படியாக வரும், நடுவில் ஒரு தட்டளவு உலகம் மிச்சமிருக்கும்போது விமானத்தை வளைக்கிற கட்டையைக் கொஞ்சம் தளர்த்தினால் விலகி வழிவிடும். இதற்குமேல் வராதே என்று சொல்ல அதைப்போல யாரும் இருந்ததில்லை. "ஓரம் மறையுது" என்றான். "வெரி குட் சார்." இரும்புக் கையின் வேகம் குறைந்தது. தலைகுப்புற உருள்வதுபோல ஒரு பிரமை, அது எப்போதும் உள்ளதுதான், தலையை ஆட்டாமல் இருந்தால் போய்விடும்.

"ரிலாக்ஸ் பண்ணுங்க சார்." ஓய்வு என்பது இந்தக் கூண்டில் ஒரு தண்டனை, கட்டிப்போட்ட ஆளைச் சும்மா நினைத்துக்கொண்டிரு என்று விடுவது. அவன் கடலை நினைத்தான். நினைக்கவேண்டாம் என்றுதான் இருந்தான். போன மாதம், தெளிவான காலை, கடலுக்குமேல் பயிற்சிச் சண்டை, எதிரில் கில் என்ற பஞ்சாபி இளைஞன், அவன் விமானம் ஒரு வெள்ளிக் கீற்றாகத் தலைக்குமேல் குறுக்கே போக, மாசிலாமணி கழுத்தை முறுக்கி அவனைக் கண்ணால் பிடித்துக்கொண்டே கட்டையை இழுத்தான். புது விமானம், இழுத்த இழுப்புக்கு உடனே வளையும், கனம் ஏறுவதே தெரியாது, ஏறி உட்கார்ந்துவிட்டுத்தான் சொல்லும். நல்ல திருப்பம். கில்லைப் பிடித்திருக்கவேண்டிய திருப்பம். ஆனால் கில் அங்கே இல்லை, கடல் கொஞ்சம் பெரிதாக இருந்தது. அவ்வளவுதான் நடந்தது. உயரம் நினைத்ததைவிடக் குறைவு, மூக்கு கொஞ்சம் கீழே. "சார், எங்கே போறீங்க?" என்று ரேடியோவில் கில், "இங்கேதான் இருக்கேன்" என்று இவன், நிமிர்த்தினான், இறங்கினார்கள். கீழே வந்தபின் எல்லோர் முன்னாலும், "சார் மீன் பிடிக்கப் போனார், ஒன்றும் மாட்டவில்லை போல" என்று கில் இந்தியில் அடித்த ஜோக்குக்கு அறையே சிரித்தது, இவனும், "உன்னை மாதிரி ஒரு மீன் மாட்டிச்சு, சின்னதுன்னு விட்டுட்டேன்" என்று திருப்பிக் கொடுத்தான். உயரத்தைப் பார்க்கத் தவறிவிட்டேன், கில்லையே பார்த்துக்கொண்டிருந்ததால். அதுதான் காரணம். அதுவேதான். ஏனென்றால் சாம்பல் வரவில்லை. வந்திருந்தால் தெரிந்திருக்கும், எத்தனை தடவை வந்திருக்கிறது, தெரியாமல் போகுமா, சாம்பல் வராமல் நினைவு எப்படிப் போகும். விமானத்தையும் சோதித்தார்கள். பழைய விமானத்தில் ஜி காட்டும் வட்டத்தில் இரண்டு முள் உண்டு, ஒன்று இப்போதைய கனத்தைக் காட்டும், இன்னொன்று போன உச்சத்திலேயே நின்றுவிடும், தரையிறங்கியபின் மெக்கானிக் அந்த நின்ற முள்ளைப் பார்த்துத்தான் இறக்கையைப் பிரித்து விரிசல் தேடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வான். புது விமானத்தில் கம்ப்யூட்டரே குறித்துக்கொள்கிறது. எல்லாம் வரம்புக்குள். இறக்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. மனுஷனுக்குத்தான் நிற்கிற முள் எதுவும் இல்லை, உச்சம் போனதா, எது வரை போனது, யாரைக் கேட்பது. அன்று ராத்திரிதான், மெஸ் அறையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, முதல் தடவையாக அந்த ரயில் நிலையம் வந்தது.

"ரெடியா சார்? இது ஃபாஸ்ட். சீக்கிரமே இறுக்கிடுங்க, வெயிட் பண்ணாதீங்க." "தெரியும் டாக்டர், நான் எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன்." சொன்னதும் வெட்கமாக இருந்தது. மூன்று, இரண்டு, ஒன்று. கூண்டு சரிந்தது. காலை இறுக்கினான், வயிறு, மூச்சை அடை, சிமெண்ட் மூட்டை தலையில் இறங்கியது, நடு விளக்கு பச்சையாகவே இருக்கிறது, ஓரத்து விளக்குகளும் இருக்கின்றன, சாம்பல் இல்லை, நல்லது, சாம்பல் வந்தால் இன்னும் இறுக்கலாம், கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்வோம், கழுத்து தாங்குகிறது, தாங்கும், சுகந்தியிடம் சொல்லவேண்டும், சொல்லி என்ன, மழை விட்டிருந்தது, நடைமேடையில் தேங்கிய தண்ணீரில் விளக்கு நீளமாகக் கிடந்தது, டீ கையில் கதகதவென்று இருந்தது, ஆவி இல்லை. யாருக்காக நிற்கிறோம் என்று தெரியவில்லை, வருவார்கள் என்று மட்டும் தெரிந்தது, அது போதுமாக இருந்தது, உடம்பில் எங்கும் கனமே இல்லை. மஞ்சள் பலகை இந்தத் தடவை பக்கத்தில் இருந்தது. வாசித்துவிடலாம் என்று ஓர் அடி வைக்கப் பார்த்தான், கால் வரவில்லை, வராவிட்டால் என்ன, அவசரம் ஒன்றுமில்லை. பச்சை விளக்கு. "சார், கேக்குதா?" "கேக்குதே" என்றான் மாசிலாமணி. "எதுக்கு இவ்வளவு சத்தம்?" இரும்புக் கை நின்றுபோயிருந்தது. இவ்வளவு சீக்கிரமா. நன்றாகத்தான் போனது. கடைசிவரை சாம்பலே வரவில்லை.

முனிரத்தினம் கதவைத் திறந்து வாரைக் கழற்றினான். இந்தத் தடவை ஜோக் எதுவும் வரவில்லை. "மெதுவா சார்" என்றான், கையை நீட்டினான், மாசிலாமணி அந்தக் கையைப் பார்த்துவிட்டுத் தானே இறங்கினான். கட்டுப்பாட்டு அறையில் வைதேகி நாற்காலியை அவன் பக்கம் தள்ளிவிட்டாள். "தண்ணி குடிங்க சார். எப்படி இருந்துச்சு?" "நல்லாருந்துது." "ஓரத்து லைட்டுங்க எப்ப மறைஞ்சது?" "மறையலையே." "முழு நேரமும் பாத்துட்டே இருந்தீங்களா?" "பாத்துக்கிட்டேதான் இருந்தேன்." அவள் தலையாட்டினாள். "என்ன ஞாபகம் இருக்கோ எல்லாத்தையும் ஒரு தடவ சொல்லுங்களேன்." அந்தக் குரலைக் கேட்டதும் டம்ளர் வாய்க்குப் போகிற வழியில் நின்றது. அந்தக் குரல் அவனுக்குத் தெரியும். அவனே உபயோகித்த குரல். புதுப் பையன்களைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்த வருஷங்களில், யாருக்காவது கூண்டுக்குள் நினைவு போய்விட்டால், போய்விட்டது என்று முதலில் சொல்லக்கூடாது என்பது முறை. சொன்னால் சண்டைக்கு வருவான். நினைவு போனவனுக்கு, போனது நினைவிருக்காது. முன்னையும் பின்னையும் மூளை தானே தைத்துக்கொள்ளும், தையல் தெரியாது. அதனால் முதலில் கேட்கவேண்டும், அவன் சொல்வதையெல்லாம் சொல்லவிடவேண்டும், அதற்குப் பிறகு வீடியோவைப் போடவேண்டும். நல்லாருந்துது சார், முழிச்சிட்டுதான் இருந்தேன் சார் என்று அடம்பிடித்த பையன்களைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து எவ்வளவு சிரித்திருக்கிறோம். "போடுங்க டாக்டர்" என்றான். "சார், முதல்ல நீங்க..." "நான் சொல்லவேண்டியத சொல்லியாச்சு. போடுங்க."

திரையில் ஓர் ஆள். ஹெல்மெட்டுக்குக் கீழே கன்னம் வழிந்து, கிழவனாகி, பல்லைக் கடித்துக்கொண்டு முக்குகிறான். தாமதம். பார்த்தவுடனே தெரிந்தது. முக்குவதற்கு முன்னால் ஒரு கண நேரம் அவன் எதற்காகவோ காத்திருக்கிறான், ஓரத்தைக் கண்ணால் தேடுகிறான், வாசலில் ஆள் வந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல. சாம்பலைத் தேடுகிறான். வேகமாக ஏறுகிற கனத்தில் சாம்பலுக்கு வர நேரமே கிடையாது, நேராக இருட்டுதான், இதையும் அவனே பாடமாக எடுத்திருக்கிறான், இருந்தும் உடம்பு பழைய விமானத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. தலை சாய்ந்தது. கண் திறந்தே இருந்தது, திறந்த கண்ணில் ஆள் இல்லை. இரும்புக் கை நின்று கனம் விட்டபின்னும் அப்படியே. பிறகு வலது கை துள்ளியது, யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல இரண்டு மூன்று துள்ளல், வைதேகியின் குரல் சார், சார் என்று திரும்பத் திரும்ப, பதில் இல்லை. அவனுக்குக் கேட்டது ஒரே ஒரு சார். மிச்சமெல்லாம் எங்கே போயின. திரையில் அந்த ஆளின் உதடு அசைந்தது. அசைந்து, விரிந்தது. சிரித்தான். மெல்ல, முகம் முழுக்க, யாரோ வண்டியைவிட்டு இறங்கி இவனை நோக்கி வருவதுபோல. "நிறுத்துங்க" என்றான் மாசிலாமணி. படம் நின்றது, சிரிப்பும் அங்கேயே நின்றது.

"இது ஒண்ணுமே இல்ல சார்" என்று வைதேகி ஆரம்பித்தாள், அவள் பக்கம் திரும்பாமலே கேட்டுக்கொண்டிருந்தான். "கூண்டுக்குள்ள நினைவு போறது தப்பே கிடையாது, அதுக்குத்தான் கூண்டு. நாளைக்கு இன்னொரு சான்ஸ் இருக்கு. கொஞ்சம் சீக்கிரமா இறுக்குனீங்கன்னா தாண்டிடுவீங்க, எனக்கு நம்பிக்கை இருக்கு. எல்லாரையும் கேக்குற ஒரு கேள்வி மட்டும் கேட்டுடறேன். ஆகாசத்துல எப்பவாவது இந்த மாதிரி ஆயிருக்கா?" இல்லை என்பதுதான் எல்லோரும் சொல்கிற பதில், அவள் பேனாவும் அதற்குத் தயாராகவே இருந்தது. இல்லை என்று சொன்னால் நாளை சீக்கிரமாக இறுக்குவான், தாண்டுவான், அடுத்த வாரம் கடலுக்குமேல் இருப்பான். ஆமாம் என்றால் மேஜை, மின்விசிறி, ஐந்து மணி. அவன் திரையைப் பார்த்தான். ஜெர்லின் பார்க்காத சிரிப்பு. சுகந்தி எந்த வருஷத்தில் கடைசியாகப் பார்த்தாளோ அந்தச் சிரிப்பு. மணியாச்சி இல்லை, ஈரோடு இல்லை, எந்த ஊரும் இல்லை, அப்படி ஒரு நடைமேடையில் அவன் நின்றதே இல்லை, அதனால்தான் பலகையில் பெயர் வாசிக்க வரவில்லை. தலையில் ரத்தம் இல்லாத சில வினாடிகளில் முளைத்த இடம். கடலுக்குமேல் அன்றும் இதே சிரிப்போடுதான் கட்டையை விட்டிருக்கிறான், மூக்கு கீழே சாய, கடல் பெரிதாகப் பெரிதாக, டீ கதகதவென்று கையில் இருக்க, அவசரம் ஒன்றுமில்லாமல். கடலை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தோம் என்ற எண்ணம்கூட அவனைப் பயமுறுத்தவில்லை. அந்த இடத்துக்கு இன்னொரு தடவை போகவேண்டும்போல இருந்தது, அதுதான் பயமுறுத்தியது. சாம்பல் வந்து சொல்லாது. கில் சொன்னபோதும் அது ஜோக்காகத்தான் வந்து சேர்ந்தது. சொல்ல வேறு யாரும் இல்லை. "சார்?" என்றாள் வைதேகி, கூண்டுக்குள் கூப்பிட்ட அதே குரலில். முனிரத்தினம் வாசலில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். மாசிலாமணி டம்ளரைக் கீழே வைத்தான், சத்தம் வராமல்.

"போன மாசம்" என்றான். "கடலுக்கு மேல. எவ்வளவு நேரம்னு தெரியல." பேனா நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். "கொஞ்ச நேரம் விமானத்துக்குள்ள யாருமே இல்ல, டாக்டர்."